சவரிமுத்து அண்ணனின் மணிச் சுத்தியல்

நானாகப் படித்துத் தெரிந்துகொண்ட முதல் மரணச் செய்தி சவரிமுத்து அண்ணனுடையது.

புதுச்சேரியில் மகள் வீட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டு, நானும் என் மனைவி பூங்காவனமும் காலை பஸ்ஸில் மரக்காணம் வந்து இறங்கினோம். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே புதிதாக ஒரு பேனர் கட்டியிருந்தார்கள். நான் எழுத்துக் கற்றுக்கொண்டு இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. எழுத்து எங்கே கண்ணில் பட்டாலும் நின்று படித்துவிட்டுத்தான் நகர்வேன். பஸ் பலகை, மருந்துக் கடை, உரமூட்டை என்று எதையும் விடுவதில்லை. பூங்காவனம் இதற்குப் பழகிவிட்டாள். பையைக் கீழே வைத்துவிட்டு, வலது காலைத் தேய்த்துக்கொண்டு நின்றாள்.

முதல் வரி 'கண்ணீர் அஞ்சலி.' அது எனக்கு மனப்பாடம். எல்லா ஊரிலும் அதே வரிதான். இரண்டாவது வரியை எழுத்துக் கூட்டினேன்.

"இன்னாய்யா போட்டிருக்கு?"

"இரு, இரு, வருது. ச... வ... ரி... சவரிமுத்து!"

ஆறெழுத்துப் பெயரை எங்கேயும் இடறாமல் படித்துவிட்ட சந்தோஷத்தில் சிரித்துக்கொண்டே அவள் பக்கம் திரும்பினேன். அவள் பேனரில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"படத்தைப் பாருய்யா," என்றாள். "நம்ம பட்டறைக்காரரு."

எழுத்தைக் கண்டால் நான் படத்தைப் பார்ப்பதில்லை. அதனால் ஒரு நொடி நேரம், அண்ணன் இறந்துபோன செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு நான் சிரித்துக்கொண்டிருந்தேன். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வேண்டிய குற்றங்களில் அதுதான் மிகச் சிறியது.

நாங்கள் வந்த பஸ் பொம்மையார்பாளையம் வழியாகத்தான் வந்தது. அங்கேதான் அவர் கடைசி நான்கைந்து வருடங்களாக மகள் ஜெயமேரி வீட்டில் இருந்தார். அந்த ஊரைத் தாண்டும்போது நான் ஜன்னலோரம் உட்கார்ந்து கடைப் பலகைகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வந்தேன். அந்தத் தெருமுனையில் பந்தல் போட்டிருந்ததை நான் பார்க்கவில்லை. எதிர்ப்பக்கம் போய், வந்த வழியே பொம்மையார்பாளையத்துக்கு அடுத்த பஸ் ஏறினோம்.

முப்பதாம் நாள் பூசைக்கு ஒரு சிறிய புத்தகம் அச்சடிக்கப் போவதாக ஜெயமேரி சொன்னது. "மாமா, நீங்கதான் இப்ப எழுதுறீங்களே. அப்பாவைப் பத்தி ஒண்ணு எழுதிக் குடுங்க," என்று கேட்டது. என்னிடம் இதுவரை யாரும் எழுதித் தரச் சொல்லிக் கேட்டதில்லை. ஒரு நாளைக்கு ஒரு பக்கத்துக்கு மேல் எனக்கு ஓடாது. ஆனாலும் ஒப்புக்கொண்டேன்.

அண்ணனைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சவரிமுத்து மரக்காணம் உப்பளத்தில் பட்டறை வைத்திருந்தவர். உப்பு வாரும் பலகைகள், தண்ணீர் விடும் மதகுகள், என்ஜின் பெட்டி, கூடைகளை ஏற்றும் வண்டி என்று உப்பளத்தில் எது உடைந்தாலும் அவரிடம்தான் வரும். நான் பாத்தியில் உப்பு வாரும் வேலை. அவர் என்னைவிட எட்டு வயது மூத்தவர். அவர் மாதா கோயில், நான் திரௌபதி அம்மன் கோயில். அதனால் எங்களுக்குள் ஒரு குறையும் வந்ததில்லை. இரண்டு திருவிழாவிலும் சேர்ந்து சாப்பிட்டோம்.

மற்றவர்கள் சம்பளம் வாங்கினால் சினிமாவுக்குப் போவார்கள், வேறு எங்கேயாவது போவார்கள். அண்ணன் சுத்தியலும் மடக்குக் கத்தியும் வாங்கப் போவார். அவருடைய பட்டறையின் மேற்குச் சுவர் தகரம். அந்தச் சுவர் முழுவதும் சுத்தியல்கள் வரிசையாகத் தொங்கும். ஆணி அடிப்பது, பிளந்த வாலால் ஆணி பிடுங்குவது, தகரம் தட்ட உருண்டைத் தலை வைத்தது, செருப்புத் தைப்பவர் வைத்திருக்கும் அகன்ற முகம் கொண்டது, கொத்தனாருடையது, நகை செய்பவரின் விரல் நீளச் சுத்தியல், இவை எல்லாம் இருந்தன. ஒவ்வொன்றின் காம்பிலும் ஒரு தகரத் துண்டைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருப்பார். தகரத்தில் ஆணியால் புள்ளி புள்ளியாகக் குத்தியிருக்கும். அது எழுத்து என்று எனக்குத் தெரியும். என்ன எழுத்து என்று தெரியாது. கேட்டதும் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாதவன் எழுத்தைப் பற்றிக் கேட்க வெட்கப்படுவான்.

கத்திகள் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் இருக்கும். தையல் மிஷின் எண்ணெய் தோய்த்த துணியில் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுற்றி வைத்திருப்பார். கொம்புப் பிடி, பித்தளைப் பிடி, ரோஜாச் செடி ஒட்டுக் கட்டுபவர்கள் வைத்திருக்கும் வளைந்த கத்தி. எக்கியார்குப்பத்து மீனவர் ஒருவர், என்ஜினைச் சரிசெய்து கொடுத்ததற்காகத் தந்த முனை மழுங்கிய கயிறு அறுக்கும் கத்தியும் ஒன்று. கிழமைக்கு ஒரு கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு வருவார். "இன்னைக்கு இன்னா கிழமை?" என்று யாராவது கேட்டால், கத்தியை எடுத்துப் பார்த்துவிட்டுச் சொல்வார்.

"இத்தனை எதுக்கு அண்ணே? மாட்டி வெச்சு அழகு பாக்கவா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"சும்மா மாட்டியே வெச்சா சுத்திக்குத் தலைக்கனம் வந்துடும் கோவிந்து. எல்லாம் வேலை செய்யணும். நான் மட்டும் செய்யறேன்ல?"

அவர் சொன்னது உண்மை. அந்தச் சுவரில் வேலை செய்யாத சுத்தியல் ஒன்றுகூட இல்லை.

உப்பளத்தில் இரும்பு வைத்திருப்பது எளிதல்ல. புது ஆணியை வரப்பில் மறந்து வைத்தால் மறுவாரம் சிவந்து போய்விடும். அண்ணனுடைய இரும்பில் ஒரு கடுகளவு துரு நான் பார்த்ததில்லை. யார் எதைக் கேட்டாலும் கொடுப்பார். ஒரே நிபந்தனைதான். "கேட்டு எடுத்துக்கினு போ. துடைச்சு எடுத்துக்கினு வா." கத்தியை மட்டும் யார் கையிலும் கொடுக்க மாட்டார். உப்பையும் கத்தியையும் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோரும் பார்ப்பது. அவர் மடக்கிய கத்தியை வரப்பில் வைப்பார். நாம் குனிந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

"நீங்க மாதா கோயிலாச்சே, இதெல்லாம் பாப்பீங்களா?" என்று கேட்டால், "எனக்கு நம்பிக்கை இல்ல. கத்திக்கு இருந்தா?" என்பார்.

மத்தியானத்தில் பச்சை மாங்காயை அந்தக் கத்தியால் கீற்றுக் கீற்றாக வெட்டுவார். உப்புக்கு நாங்கள் எங்கேயும் போக வேண்டியதில்லை. கையை நீட்டினால் பாத்தி.

அவர் வாங்கிய சுத்தியல்களிலேயே அவருக்கு உயிரானது ஒன்று உண்டு. புதுச்சேரி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கியது. நானும் கூடப் போயிருந்தேன். நடைபாதையில் பழைய இரும்பு விற்கும் ஒரு பெரியவர், அந்தச் சுத்தியலைத் தன் தார்ப்பாய் பறக்காமல் இருக்க ஓரத்தில் பாரமாக வைத்திருந்தார். காம்பு இல்லை, தலை மட்டும்தான். ஒரு பக்கம் வட்ட முகம், மறுபக்கம் பிளந்த வால். அண்ணன் அதை நூலில் கட்டித் தூக்கிக் காதோரம் பிடித்து, ஒரு ஆணியால் தட்டினார். இன்னொரு முறை தட்டினார். கண்ணை மூடிக்கொண்டு மறுபடியும் தட்டினார்.

கடைக்காரர் பொறுமை இழந்துவிட்டார். "ஏம்பா, சுத்தி வாங்க வந்தியா, தேங்கா வாங்க வந்தியா?"

"தேங்காய்னா உள்ள தண்ணி இருக்குதான்னு பாக்கணும். இதுல உள்ள ஒண்ணும் இருக்கக் கூடாது பெரியவரே," என்றார் அண்ணன்.

விரிசல் இருந்தால் சத்தம் உடைந்து வருமாம். அந்தத் தலையில் சத்தம் கோயில் மணி போல நீண்டு ஓய்ந்தது. பஸ்ஸில் வரும்போது அதை மடியிலேயே வைத்திருந்தார். என் காதிலும் ஒருமுறை தட்டிக் காட்டினார். "கேட்டியா? இரும்பைப் பாத்து வாங்கக் கூடாது கோவிந்து, கேட்டு வாங்கணும்." அதற்கு 'மணி' என்று பெயர் வைத்தார். காம்புக்கு ஒரு மாதம் மரம் தேடினார். ரேகை நேராக ஓடும் கொய்யாக் கட்டை கிடைத்த பிறகுதான் செதுக்கினார். தலையில் காம்பை இறக்கி, மேலே ஆப்பு அடித்து, தலைகீழாகப் பிடித்து உலுக்கிவிட்டுச் சொன்னார்: "என் கையால காம்பு போட்ட சுத்தி எதுவும் இதுவரைக்கும் தலை கழண்டதில்ல."

அது அவருடைய ஒரே பெருமை. வேறு எதற்கும் அவர் மார் தட்டி நான் பார்த்ததில்லை.

இனி எழுதப் போவது எனக்குக் கஷ்டமான இடம். எழுத்து கோணலாக வந்தால் அச்சடிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு பங்குனி மாதம், என் பாத்தியின் மதகில் பழைய பலகையை மாற்ற வேண்டியிருந்தது. அண்ணன் மாதா கோயில் வேலையாக வெளியே கிளம்பிக்கொண்டிருந்தார். மணியைக் கேட்டேன். எடுத்துக்கொள் என்றார். பலகையில் விரல் பருமனுக்கு ஒரு பழைய ஆணி துருவேறி இறுகியிருந்தது. அதற்குக் கடப்பாரை எடுத்திருக்க வேண்டும். நான் சோம்பல்பட்டு, மணியின் பிளந்த வாலில் ஆணியை மாட்டி, முழு உடம்பையும் போட்டுக் காம்பை இழுத்தேன். ஆணி வந்தது. கூடவே 'நறுக்' என்று ஒரு சத்தமும் வந்தது. எடுத்து ஆட்டிப் பார்த்தால், தலை கொஞ்சம் ஆடியது.

அப்போதே கொண்டுபோய்ச் சொல்லியிருந்தால் திட்டியிருப்பார். ஒரு வாரம் எனக்குச் சுத்தியல் தந்திருக்க மாட்டார். அவ்வளவுதான் நடந்திருக்கும். ஆனால் அவருடைய ஒரே பெருமையை நான் உடைத்துவிட்டேனே என்று பயந்தேன். யோசித்தேன். உப்பளக்காரனின் மூளைக்கு உப்பளத்து யோசனைதான் வரும். நாங்கள் உப்பு வாரும் பலகைகள் எப்போதும் உப்புத் தண்ணீரிலேயே கிடப்பவை. அவற்றின் காம்பு ஆடுவதே இல்லை. காய்ந்தால்தான் ஆடும். ஆடினால் மறுபடி தண்ணீரில் போடுவோம், ஊறி இறுகிவிடும். சுத்தியலும் அப்படித்தான் என்று நினைத்தேன். யாரும் பார்க்காமல் வாய்க்காலில் மணியை அமுக்கி, மேலே ஒரு கல்லை வைத்தேன்.

மறுநாள் எடுத்துப் பார்த்தால் பாறை மாதிரி இறுகியிருந்தது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். துடைத்தேன், வெயிலில் மேலாக உலர்த்தினேன், தேங்காய் எண்ணெய் தடவினேன், கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அண்ணன் வாங்கி உலுக்கிப் பார்த்தார். "பரவால்லியே! எண்ணெய் எல்லாம் போட்டிருக்க," என்றார். வழக்கம்போலக் காதோரம் வைத்துத் தட்டினார். புருவத்தைச் சுருக்கினார். "இன்னாடா, சளி புடிச்ச மாதிரி பேசுது?"

"காத்துல ஈரம் அண்ணே," என்றேன்.

"இருக்கும்," என்று சுவரில் மாட்டினார்.

மேற்குத் தகரச் சுவர். சித்திரை வெயில். பலகையைப் போலச் சுத்தியல் மறுபடி தண்ணீருக்குப் போவதில்லை என்பது என் மூளைக்கு எட்டவில்லை. தண்ணீரில் ஊதிய மரம் காயும்போது முன்பு இருந்ததைவிடச் சுருங்கும். உள்ளே இறங்கிய உப்பு இரும்பை அரிக்கும். இதெல்லாம் இப்போது எனக்குத் தெரியும்.

அடுத்த மாதம் ஒரு நாள் காலை, பெரிய மதகில் ஆப்பு இறக்க அண்ணன் மணியை எடுத்துக்கொண்டு வந்தார். பூங்காவனம் தலையில் உப்புக் கூடையோடு வரப்பில் போய்க்கொண்டிருந்தாள். அவர் எவ்வளவு கவனமானவர் என்பதற்கு இதைச் சொல்ல வேண்டும். "போம்மா, நீ தாண்டிப் போயிடு," என்று கையை இறக்கி நின்றார். அவள் தாண்டி நாலு எட்டு வைத்த பிறகுதான் ஓங்கினார். ஓங்கிய வேகத்தில் தலை கழன்று பின்பக்கமாகப் பறந்தது. காம்பு மட்டும் அவர் கையில் இருந்தது.

அது பூங்காவனத்தின் வலது காலில், முழங்காலுக்குக் கீழே விழுந்தது. எலும்பு முறிந்து தோலைக் கிழித்தது. கூடையிலிருந்த உப்பு முழுவதும் காயத்தின் மேல் கொட்டியது. அந்த அலறலை நான் மூன்று பாத்தி தள்ளி நின்று கேட்டேன். ஓடிப்போய்ப் பார்த்தபோது, அண்ணன் தன் வேட்டியைக் கிழித்து அவள் காலில் கட்டிக்கொண்டு அழுதார். நான் அவளைப் பார்க்கவில்லை. பக்கத்தில் கிடந்த வெறும் காம்பைத்தான் பார்த்தேன்.

கால் கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. அன்று முதல் இன்று வரை பூங்காவனம் சாய்ந்துதான் நடக்கிறாள். கூடை தூக்கும் வேலை அவளுக்கு அத்தோடு முடிந்தது.

அண்ணன் மறுநாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. வாசலில் நின்று, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டார். அவர் எனக்கு மூத்தவர்.

"கோவிந்து, என் கையால ஆயிப்போச்சு. ஆப்பு சரியா எறங்கல போல. நான் பாத்திருக்கணும். மன்னிச்சுடுப்பா."

அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு வாக்கியம். வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"விடுங்க அண்ணே. யாரு கையிலயும் நடக்கறதுதான்."

என் குற்றத்துக்காக அவர் கேட்ட மன்னிப்பை நான் பெருந்தன்மையோடு கொடுத்தேன். இதைவிடக் கேவலமாக ஒன்றை நான் வாழ்க்கையில் செய்ததில்லை.

அதன்பிறகு முப்பது வருடம் ஓடிவிட்டது. உப்பளத்தில் இளவட்டங்கள் அவரைக் கண்டால், "தலை பத்திரம்டா, அண்ணன் சுத்தி எடுத்துட்டாரு!" என்று கத்திக்கொண்டு ஓடுவார்கள். அவரும் சிரிப்பார். ஆனால் தன் காம்பைப் பற்றி அதன்பிறகு ஒரு வார்த்தை பெருமையாகச் சொன்னதில்லை. சுவரிலிருந்த அத்தனை சுத்தியலையும் இறக்கி ஒவ்வொன்றுக்கும் புது ஆப்பு போட்டார். மணிக்கு மட்டும் போடவில்லை. தலையை ஒரு ஆணியிலும் காம்பை ஒரு ஆணியிலும் தனித்தனியாக, என் கண் மட்டத்தில் மாட்டினார். அதற்கும் ஒரு தகரத் துண்டு குத்திக் கட்டினார்.

மரக்காணத்தில் இருந்தவரை, ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவருவார். பூங்காவனம் உட்கார வசதியாக உயரமான முக்காலி செய்து கொடுத்தார். அடியில் ரப்பர் வைத்த கைத்தடி செய்து கொடுத்தார். அதன் பிடியைத் தன் மடக்குக் கத்தியால் அவள் கைக்குத் தகுந்தபடி இழைத்திருந்தார். அவள் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்வாள். ஆனால் அவரை உள்ளே வரச் சொன்னதில்லை. எல்லோரும் அண்ணன் என்று கூப்பிட்டபோது, அவள் மட்டும் 'பட்டறைக்காரரு' என்றே சொல்வாள்.

ஒரே ஒரு முறை சொல்லப் பார்த்தேன். மாங்காய் தின்றுகொண்டிருந்தோம். "அண்ணே, அந்த மணிச் சுத்தி இருக்குதே..." என்று ஆரம்பித்தேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். காத்திருப்பது போலத்தான் பார்த்தார். நான் இன்னொரு கீற்றை எடுத்துக் கடித்தேன். அவர் கத்தியை வரப்பில் வைத்தார். "சரி வுடு. இந்தா, நீ வெட்டு," என்றார்.

போன வருடம் எங்கள் தெருப் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்கு மாலை வகுப்பு வைத்தார்கள். வேடிக்கை பார்க்கப் போனேன். என் பெயரை நானே எழுதிய அன்று ஊரெல்லாம் காட்டினேன். மறுநாளே அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அண்ணனிடம் போனேன். அவருக்குக் கண் மங்கியிருந்தது. தாளை மூக்கருகே வைத்துப் பார்த்தார்.

"கோவிந்தன். அடேங்கப்பா! 'கோ'வுக்குக் கொம்பு ரெட்டையாவே போட்டிருக்கியே!" என்று முதுகில் தட்டினார். பிறகு, "படிக்கவும் வருதா?" என்று கேட்டார்.

"பெரிய எழுத்தா இருந்தா வரும் அண்ணே."

கட்டிலுக்கு அடியில் சுத்தியல்கள் இருந்த டிரங்குப் பெட்டியைக் காலால் தடவினார். "தொறக்கட்டுமா?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் அவரே தலையை ஆட்டிக்கொண்டார். "வேணாம். நல்லா பழகிக்கினு வா. இன்னொரு நாளைக்குப் பாக்கலாம்."

அந்த இன்னொரு நாள் அவர் இல்லாமல் வந்தது. அடக்கம் முடிந்த மறு ஞாயிறு ஜெயமேரி என்னைக் கூப்பிட்டுப் பெட்டியைத் திறந்தது. "மாமா, எது எது வேணும்னு நீங்களே பாத்து எடுத்துக்கங்க. அப்பா அப்பிடித்தான் சொல்லிட்டுப் போனாரு," என்றது. முதல் முறையாக நான் அந்தத் தகரங்களைப் படித்தேன். ஒன்றில் 'புளியங்காம்பு, மழைக்கு முன் போட்டது' என்று இருந்தது. இன்னொன்றில் 'எக்கியார்குப்பம் படகுக்குச் செய்தது.' குழந்தை மிட்டாய் பிரிப்பது போல ஒவ்வொன்றாகப் படித்தேன். அண்ணனின் குரலே கேட்டது. கடைசியில், பெட்டியின் அடியில் மணி இருந்தது. தலை தனியாக, காம்பு தனியாக.

தகரத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, புள்ளிகளை விரலால் தடவித் தடவிப் படித்தேன்.

'உப்புத் தண்ணீரில் ஊறியது. ஊறப் போடாதே என்று நான் சொல்லி வைக்கவில்லை.'

யார் பெயரும் அதில் இல்லை.

தலையை எடுத்துப் பார்த்தேன். வெளியே முகம் பார்க்கலாம், அவ்வளவு பளபளப்பு. காம்பு நுழையும் துளைக்குள் மட்டும் செங்கல் நிறத்தில் துரு. தன் இரும்பில் கடுகளவு துருவை விடாத மனிதர், அந்தத் துருவை மட்டும் முப்பது வருடம் தொடாமல் வைத்திருந்தார். கழன்ற அன்றே அவர் துளைக்குள் பார்த்திருக்கிறார். உப்பளத்தில் பிறந்து வளர்ந்தவருக்கு அதைப் பார்த்தவுடன் எல்லாம் தெரிந்திருக்கும். மறுநாள் என் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றபோது அவருக்குத் தெரியும். நான் அவரை மன்னித்தபோதும் தெரியும். படிக்கத் தெரியாத என் கண் மட்டத்தில் அதை எழுதி மாட்டிவிட்டு, நானாகச் சொல்வேன் என்று காத்திருக்கிறார்.

"சின்னப் புள்ளையில நான் கேட்டிருக்கேன், யாருப்பா ஊறப் போட்டதுன்னு," என்றது ஜெயமேரி. "அது எனக்கும் சுத்திக்கும் உள்ள பேச்சு, நீ போய்ப் படின்னு சொல்லிட்டாரு."

மணியைத் துணியில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். வழியில் எந்தக் கடைப் பலகையையும் படிக்கவில்லை.

வீட்டில் பூங்காவனம் அந்த முக்காலியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். துணியைப் பிரித்து அவள் முன்னால் வைத்து, நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். ஆணி, 'நறுக்', வாய்க்கால், கல், தேங்காய் எண்ணெய் எல்லாம். அவள் கையிலிருந்த கீரை அப்படியே நின்றது.

"முப்பது வருஷமா அந்த மனுஷன் கொண்டாந்த மீனைத் தின்னியே," என்றாள். "ஒரு முள்ளாவது தொண்டையில குத்தலையாய்யா?"

கையிலிருந்த கீரையைக் கீழே போட்டாள்.

"மழைக்காலத்துல கால் குடையும்போதெல்லாம் அவரைத்தான் திட்டினேன். மனசுக்குள்ள திட்டாத நாளே இல்ல. அத்தனையும் உனக்குச் சேர வேண்டியது. ஒரு நாள், ஒரே ஒரு நாள், உள்ள வந்து உக்காருங்கன்னு அவரைச் சொல்லியிருப்பேனா? நீதான் பக்கத்துலயே நின்னு பாத்துக்கினு இருந்தியே!"

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சோற்றைப் போட்டுவிட்டுப் போய்விடுவாள். மூன்றாவது நாள் காலை, நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன். அப்போது தாளில் 'சவரிமுத்து மிகவும் நல்லவர்' என்ற ஒரு வரிதான் இருந்தது. கைத்தடியை ஊன்றிக்கொண்டு என் பின்னால் வந்து நின்றாள்.

"அதுல இன்னா எழுதற?"

படித்துக் காட்டினேன்.

"அது ஊருக்கே தெரியும். நீ செஞ்சதை எழுது. எழுதத் தெரிஞ்சுடுச்சு, எழுதத் தெரிஞ்சுடுச்சுன்னு தெருவெல்லாம் சொல்லிக்கினு திரியறியே, இதுக்கு உதவாத எழுத்து எதுக்கு? என் பேரையும் போடு. அந்தப் பொண்ணு படிக்கட்டும். 'தலை பத்திரம்'னு கத்தினானுங்களே, அவனுங்களும் படிக்கட்டும். அந்த அண்ணன் கை சுத்தமான கைன்னு எல்லாருக்கும் தெரியணும்."

அண்ணன் என்று அவள் வாயிலிருந்து நான் கேட்டது அன்றுதான். அவருக்குத்தான் கேட்கவில்லை.

அதனால் எழுதினேன். இருபது நாளாக எழுதுகிறேன். மறைக்காமல் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இத்தனை வெட்கத்தோடு எழுதும்போதும், ஒரு வரி நேராக வந்துவிட்டால் என் கை சந்தோஷப்படுகிறது. பேனரில் அவர் பெயரைப் படித்தபோது சிரித்த அதே ஆள்தான் நான். அண்ணன் இருந்திருந்தால் தாளை மூக்கருகே வைத்துப் பார்த்து, முதலில் எழுத்தைப் பாராட்டிவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார்.

ஆகவே படிக்கிறவர்கள் அறிய வேண்டியது இதுதான். சவரிமுத்து அவர்கள் கையால் காம்பு போட்ட சுத்தியல் எதுவும் ஒருநாளும் தானாகத் தலை கழன்றதில்லை. ஒன்று கழன்றது. அதைக் கழற்றியவன் நான்.

மணிக்கு நான் காம்பு போடப் போவதில்லை. அதற்கு என் கை தகுதியானதில்லை. முப்பதாம் நாள் காலை பூங்காவனமும் நானும் கல்லறைக்குப் போவோம். பஸ்ஸை விட்டு இறங்கி, கைத்தடியோடு மெதுவாக நடந்தே வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். இந்தத் தாள்களை மடித்து எடுத்துப் போவேன். மேலே ஒரு மாங்காயும், பாத்தியிலிருந்து ஒரு பிடி உப்பும் இருக்கும்.

அண்ணே, உப்பையும் கத்தியையும் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்று நீங்கள் கீழே வைப்பீர்கள். முப்பது வருடம் நான் கையிலேயே வைத்திருந்த இதையும் உங்கள் பக்கத்தில் மண்ணில் வைக்கிறேன். நமக்குள் சண்டை வேண்டாம். குனிந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

கோவிந்தன்
மரக்காணம்